கவட்டைக் கம்பு

நன்மை வாங்கியவர்கள் இன்னும் முழங்காலில்.
மைக்கைத் தட்டிப் பார்க்கிறேன்.
எனக்கு நான்கு நிமிடம்.
ஏழேகாலுக்குக் கன்னடப் பூசை,
அவர்கள் இப்போதே வாசலில்
குடைகளை உதறிக்கொண்டு நிற்கிறார்கள்.

சாமி வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் அனுப்புவார்.
ராத்திரி கடைசிச் சவாரியை இறக்கிவிட்டு
ஆட்டோ மீட்டர் வெளிச்சத்தில்
அதைத் தமிழாக்கி
மகளின் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வேன்.
ஏழு இடத்தில் 'கைண்ட்லி' வரும்.
ஏழையும் வாசித்தால் வாசலில் இருப்பவர்கள் நனைவார்கள்.
ஒன்று போதும்.

தயவுகூர்ந்து கேளுங்கள்.

வெள்ளி மாலை ஆறுக்குக் கொடியேற்றம்.
கயிறு புதிது, போன வருடம் போலப்
பாதியில் நிற்காது.
நவநாள் முதல் நாள் குழந்தை இயேசு அன்பியம்,
இரண்டாம் நாள் ஐஸ் ஃபாக்டரித் தெரு,
மூன்றாம் நாளுக்கு இன்னும் யாரும் பெயர் தரவில்லை.
தேரன்று சாப்பாட்டுக்கு அரிசி வந்தாயிற்று.
வெங்காயம் உரிக்க வருகிறவர்கள்
வீட்டிலிருந்தே கத்தி கொண்டுவரவும்.
கோவில் கத்திகள் நாலும் எங்கே போயின என்று
தேடுகிறவர்களுக்கே தெரியவில்லை.

முதல் ஓலை:
நம் லிங்கராஜபுரம் பங்கு தெயோபில்,
கம்மனஹள்ளி ஜாஸ்லின்.
தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியிடம் சொல்லலாம்.
நாலாம் பெஞ்சில் மாப்பிள்ளை
குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறான்.
அவன் போட்டிருப்பது ரப்பர் செருப்பு.

செவ்வாய் காலைப் பூசை:
இன்னாசிமுத்துவின் முப்பதாம் நாள்.
மன்றாட்டு, மனைவி கபிரியேலம்மாள், பிள்ளைகள்.

அதற்குக் கீழே:
தேருக்கு முன்னால் கம்பி தூக்க ஆள் தேவை.

இரண்டும் என் கையெழுத்துதான்.
எழுதும்போது கண்ணில் படவில்லை
ஒன்றன்மேல் ஒன்று இருப்பது.

எங்கள் மிக்கேல் சம்மனசு வாளை இறக்கமாட்டார்.
மூன்றாவது கிராஸில் கம்பிகளோ
கொடியில் காயும் துணி உயரத்தில்.
பத்தொன்பது வருடம்
கவட்டைக் கம்போடு முன்னால் நடந்தவர் இன்னாசிமுத்து.
இது டிவி, இது நெட்,
இதைத் தொடாதே என்று
அண்ணாந்தபடியே சொல்லிக்கொண்டு போவார்.
தேருக்கு ரெண்டு முழம் முன்னால் போயும்
தேரைப் பார்க்காத மனுஷன்.
ஒரு வருடம் அவருக்கு மஞ்சள்காமாலை.
வாள் நெட் கேபிளை வாரிக்கொண்டு போனது,
கிரிக்கெட் ஃபைனல் அன்று.
அந்தத் தெருக்காரர்கள்
கிறிஸ்துமஸ் கேக்கைக்கூடச் சிரிக்காமல்தான் வாங்கினார்கள்.

நிறுத்திவிட்டேன் போல.
ஓட்டில் மழை கேட்கிறது.
பெண்கள் பக்கம் கபிரியேலம்மாள்
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
என்னைப் பார்க்கிறாள்,
வாசியேன், என்ன, என்பதுபோல்.

கம்பி தூக்க ஆள் தேவை.
கம்பு இன்னாசிமுத்து வீட்டு
மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

நம் பையன்கள்
ஒருவனை ஒருவன் முழங்கையால் இடிக்கிறார்கள்.
வாசலில் இருந்து ஒரு குரல்:
'நான் பர்த்தீனி.'

பிளேவியா. பெஸ்காமில் லைன் வேலை.
மடக்காத குடையோடு கையைத் தூக்கியதில்
பக்கத்தில் நின்ற உபதேசியார் தலையில் பாதி மழை.
எழுதிக்கொள் என்று பீடத்திலிருந்து சாமி சாடை.
வகுத்தல் கணக்கின் மீதிக்குப் பக்கத்தில்
அவள் பெயரை எழுதுகிறேன்.
கபிரியேலம்மாள் திரும்பி உட்கார்ந்து
கம்பு எவ்வளவு உயரம் என்று
கையாலேயே காட்டுகிறாள்.
அங்கிருந்து இவள்
இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று காட்டுகிறாள்.
யோசிக்கிறாள் கபிரியேலம்மாள்.
சரி என்கிறாள்.

நாலு நிமிடம் ஏழாகிவிட்டது.
சாமி எழுந்து கை விரித்துவிட்டார்.
விட்டுப்போனது ஒரே ஒரு வரி:
பாவசங்கீர்த்தனத் தொட்டி அருகே
ஒரு பல்செட் கிடைத்திருக்கிறது.

கடைசிப் பாட்டு தொடங்குகிறது.
கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு
பாடுகிற வாய்களை
வரிசையாகப் பார்த்துவருகிறேன்.